சங்கத்தில் சேரலாமா, வேண்டாமா? வடசென்னை மருத்துவமனை ஊழியர்களுக்கு ஓர் ஒப்பீடு

தண்டையார்பேட்டைப் பக்கம் தனியார் மருத்துவமனையில் இருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு மாத காண்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லேப் டெக்னீஷியன் தம்பி, அரசு மருத்துவமனை வார்டில் ஏஜென்சி யூனிஃபார்ம் போட்டு ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் ஒரு அக்கா. மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விதான். "சங்கத்துல சேரச் சொல்றாங்க, சேரட்டுமா?" மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என் சாய்வு சேருவதன் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தச் சங்கம், எப்போது, எதை எதிர்பார்த்துச் சேருகிறோம் என்று பார்க்காமல் சேர்ந்தவர்கள் பலர் ஒரே வருடத்தில் மனம் கசந்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களை மறுபடி எந்தச் சங்கத்துக்குள்ளும் கொண்டுவர முடியாது.

## முதலில் பார்க்க வேண்டியவை

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே யார் பெயர் இருக்கிறது? ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஐந்து பேருக்கு ஐந்து முதலாளிகள் இருக்கலாம். நிரந்தரச் செவிலியருக்கு மாநில அரசு. எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு வழியாகத் தொகுப்பூதியத்தில் வந்தவருக்கும் அரசுதான், ஆனால் பணி விதிகள் வேறு. தேசிய நலவாழ்வுக் குழுமத் திட்டத்தில் வந்தவருக்கு நலவாழ்வுச் சங்கம் (பெயரில்தான் சங்கம், தொழிற்சங்கம் இல்லை, திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பு). துப்புரவுக்கும் செக்யூரிட்டிக்கும் ஏஜென்சி. நோயாளியைக் கொண்டுவந்து இறக்கும் 108 ஊழியருக்கு அந்தச் சேவையை நடத்தும் நிறுவனம். உங்கள் பெயருக்கு நேராக யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவரைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து வர எந்தச் சங்கத்தால் முடியும் என்பதுதான் முதல் அளவுகோல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, உங்கள் பிரச்சினை உங்களுடையது மட்டுமா, எல்லோருடையதுமா? இது சட்டப்படியே முக்கியம். வேலையை விட்டு நீக்கினால் ஒரு தொழிலாளி தனி ஆளாகவே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடமும் பிறகு தொழில் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். சம்பள உயர்வு, டியூட்டி நேரம், ஓவர்டைம், ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கை என்பதையெல்லாம் தனி ஆளாகத் தொழில் தகராறாக எழுப்ப முடியாது, சங்கமோ கணிசமான எண்ணிக்கையில் சக ஊழியர்களோ பின்னால் நிற்க வேண்டும்.

மூன்றாவது, மெமோ கொடுத்து விசாரணைக்கு உட்கார வைத்தால் உங்களோடு யார் வருவார்? நான்காவது, நீங்கள் இழக்கக்கூடியது என்ன? காண்ட்ராக்ட் புதுப்பிப்பா, டிரான்ஸ்பரா, நிர்வாகம் வாங்கி வைத்திருக்கும் ஒரிஜினல் சர்டிபிகேட்டா? எவ்வளவு காலம் இங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதும் இந்தக் கேள்வியில் அடங்கும்.

சட்டம் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டமும் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டமும் இப்போது தொழில் உறவுத் தொகுப்புக்குள் போய்விட்டன. பழைய ஆட்கள் வாய்வழியாகச் சொல்லும் விஷயங்களில் சில இனி அப்படியே பொருந்தாது. உதாரணத்துக்கு, வேலை நீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக முன்பு 3 ஆண்டு அவகாசம், இப்போது 2 ஆண்டு.

## எதிலும் சேராமல் இருப்பது

இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் முடித்து வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போகக் காத்திருக்கும் 23 வயதுப் பெண்ணுக்கு, அந்த மருத்துவமனை தரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் ரிலீவிங் ஆர்டரும்தான் உயிர். ஹெச்.ஆர். ஒரு வார்த்தை கோணலாக எழுதினால் வீட்டில் வாங்கிய கல்விக் கடன் அப்படியே நிற்கும். அவளைச் சந்தா புத்தகத்தோடு துரத்தக் கூடாது.

அதே சமயம் சேராமல் இருப்பதற்கும் விலை உண்டு, அது சம்பளச் சீட்டில் தெரியாது என்பதால் இலவசம் போலத் தோன்றுகிறது. டியூட்டி முடிந்தும் ஹேண்ட் ஓவர் என்று இழுக்கும் நேரம், வாரவிடுப்பில் கூப்பிட்டால் மறுக்க முடியாத நிலை, வார்டில் உடைந்த பொருளுக்குச் சம்பளத்தில் பிடித்தம், நோயாளியின் உறவினர் கை ஓங்கும்போது "நீ ஒழுங்கா பேசியிருந்தா அவர் ஏன் அடிக்க வர்றார்" என்று முடித்துவைப்பது. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் புகார் கொடு என்று நிர்வாகத்தை நெருக்க ஒருவர் தனியாகப் போனால் அது அவருடைய "ஆட்டிட்யூட்" பிரச்சினையாக மாறிவிடுகிறது, இருபது பேர் போனால் அப்படி மாற்ற முடியாது.

"சங்கம் போட்டு வாங்கினா எனக்கும்தான் கிடைக்கும், நான் எதுக்குச் சேரணும்" என்ற கணக்கும் உண்டு. அது பாதி சரி. சமரச அலுவலர் முன்னால் போடும் ஒப்பந்தம் (பழைய ஆட்கள் தொழில் தகராறு சட்டத்தின் பிரிவை வைத்து 12(3) என்பார்களே, அது) உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புக்கு மட்டும்தான். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதோடு, ஒப்பந்தத்தில் எதைக் கேட்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நைட் டியூட்டி பெண்கள் யாருமே இல்லையென்றால், நைட் டியூட்டி முடிந்தவர்களை வீட்டில் விட வண்டி வேண்டும் என்ற கோரிக்கை பட்டியலில் எங்கிருந்து வரும்?

## பெரிய சம்மேளனத்தோடு இணைந்த சங்கம்

சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கப் பேரவை, ஐ.என்.டி.யு.சி., பி.எம்.எஸ். என்று பெயர்கள் தெரிந்ததுதான். வடசென்னையில் துறைமுகமோ மின்வாரியமோ தொழிற்சாலையோ, வீட்டில் யாராவது ஒருவர் இதில் ஒன்றில் இருந்திருப்பார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கமே 1918-இல் பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) மில் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். வேலைநிறுத்தத்தைத் தூண்டினார் என்று வாடியா மேல் கம்பெனி வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. சங்கம் நடத்தியதற்காக ஒருவரைச் சிவில் வழக்கில் இழுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். தாத்தா மில் கேட்டில் நின்று வாங்கிய பாதுகாப்பு, வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பேத்திக்கும் உண்டு. "நம்மளது சேவை, சங்கமெல்லாம் மில்லுக்குத்தான்" என்று நர்சிங் காலேஜில் சொல்லிக் கொடுத்ததை அவள் நம்பிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த வகைச் சங்கத்தின் பலம் அனுபவம். மெமோவுக்குப் பதில் எழுதத் தெரிந்த ஆள் இருப்பார், வக்கீல் இருப்பார், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். ஏஜென்சி ஊழியர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். ஏஜென்சி மாறினால் பழைய ஏஜென்சியைப் பிடிக்க முடியாது, ஆனால் காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலை வாங்கும் மருத்துவமனைதான் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அதை எழுத்தில் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும்.

மறைமுகச் செலவு கட்சி நிறம். தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அரசு மருத்துவமனை விஷயத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் சங்கங்களை ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும். மாநாட்டு நிதி, அரியர்ஸ் வந்தால் அதில் ஒரு பங்கு என்று சந்தாவுக்கு மேலும் கேட்பார்கள், ரசீது கொடுத்துக் கேட்டால் நான் தவறு சொல்ல மாட்டேன். எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வேறு இடத்தில். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் துறையில் வாயிற்கூட்டத்தில் மைக் பிடிப்பது எல்லாம் ஆண்கள், அதுவும் மருத்துவமனைக்குள் ஒரு நாளும் வேலை பார்க்காதவர்கள். நிர்வாகிகளில் வெளியாட்களுக்குச் சட்டத்திலேயே வரம்பு உண்டு. உள்ளே வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

## உங்கள் மருத்துவமனைக்கென்று தனிச் சங்கம்

ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ இருக்கும் தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அந்த அளவு உறுப்பினர்கள் வேண்டும், ஏழுக்குக் குறையவும் கூடாது. 200 பேர் இருக்கும் மருத்துவமனை என்றால் 20 பேர்.

ஆனால் பதிவு செய்வது ஒன்று, பேச்சுவார்த்தை நடத்தும் தகுதி இன்னொன்று. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், புதிய சட்டப்படி 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு இருக்கும் சங்கம்தான் தனியாகப் பேச முடியும். அப்படி ஒன்று இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. ஆகவே இரண்டு கோபக்கார நண்பர்கள் ஆளுக்கொரு சங்கம் தொடங்கினால் லாபம் நிர்வாகத்துக்கு.

நல்ல பக்கம், வார்டின் வலி தெரிந்தவர்களே முடிவெடுப்பார்கள். கட்சி இல்லை, தூரத்து உத்தரவு இல்லை. கெட்ட பக்கம், தலைவராக நிற்பவர் நிர்வாகத்தின் கண்ணுக்கு முதல் நாளே தெரிந்துவிடுவார். உடனே அவரை "இன்சார்ஜ்", "எக்ஸிகியூட்டிவ்" என்று பதவி உயர்த்துவார்கள். சந்தோஷப்படாதீர்கள், மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே போய்விடுவார் என்பதுதான் கணக்கு. பதவியின் பெயர் எப்படியிருந்தாலும் முதன்மையாகச் செய்வது நர்சிங் வேலைதான் என்று காட்ட முடிந்தால் வாதாடலாம், அதற்கு டியூட்டி ரோஸ்டர் நகல் கையில் இருக்க வேண்டும்.

பதிவே இழுக்கவும் இழுக்கும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில், 37 நாள் வேலைநிறுத்தம், உயர்நீதிமன்றம் என்று எல்லாம் தாண்டித்தான் 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அங்கே பின்னால் சி.ஐ.டி.யு. இருந்தது. ஐம்பது பேர் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் தனியாகத் தொடங்குபவர்கள் அதை யோசித்துக்கொள்ள வேண்டும். டிரஸ்ட், மிஷன் மருத்துவமனை என்றால் இன்னொரு சிக்கல். தர்ம காரியங்களில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைப் புதிய தொகுப்பு "தொழில்" என்ற வரையறையிலிருந்து விலக்கி வைக்கிறது, நிர்வாகம் முதலில் அதைத்தான் தூக்கிப் பிடிக்கும். அங்கே தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசாமல் கையெழுத்து வாங்கக் கிளம்பாதீர்கள்.

## தொழில்முறை அமைப்பும் பிரிவுவாரிச் சங்கமும்

1908-இல் தொடங்கிய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் (டி.என்.ஏ.ஐ.) மாதிரியானவை ஒரு பக்கம், அரசு செவிலியர், மருத்துவர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர் என்று பிரிவுவாரியாக இருக்கும் சங்கங்கள் மறுபக்கம்.

தொழில்முறை அமைப்பால் என்ன முடியும், எங்கே நின்றுவிடும் என்பதற்குத் தனியார் செவிலியர் சம்பளக் கதையே போதும். டி.என்.ஏ.ஐ. போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒரு குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை எல்லா மாநிலத்துக்கும் போனது. கேரளத்தில் ஐக்கிய செவிலியர் சங்கம் தெருவில் இறங்கித் தொடர்ந்து போராடியது, 2018 ஏப்ரலில் அங்கே தனியார் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணையே வந்தது. கோர்ட்டுக்குப் போக ஓர் அமைப்பும், காகிதத்தைச் சம்பளமாக மாற்ற ஒரு சங்கமும் தேவைப்பட்டன. இங்கே நம் ஊரில் முதல் பாதி மட்டும் நடந்தது.

பிரிவுவாரிச் சங்கம் வேறு மாதிரி. 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி 7,700 ரூபாய்க்கு வந்த செவிலியர்கள், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நடக்காததால் 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். உயர்நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, பிறகு சம்பளம் 14,000 ஆனது. எல்லோருக்கும் நிரந்தரம் வரவில்லை. கொரோனா காலத்தில் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓடு போகச் சொன்னபோதும் போராட்டம் நடந்தது. ஒரே பிரிவு, ஒரே கோரிக்கை என்பதால் வேகமாகக் கூடலாம். அதே காரணத்தால் பக்கத்து வார்டின் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் லேப் தம்பியும் வெளியே நிற்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | தனியாக | இணைந்த சங்கம் | தனிச் சங்கம் | தொழில்முறை / பிரிவுவாரி |
|---|---|---|---|---|
| மெமோ வந்தால் | நீங்களே எழுதணும் | ஆள் வரும், வக்கீலும் வருவார் | சக ஊழியர் வருவார், அனுபவம் குறைவு | பிரிவுவாரிச் சங்கம் வரும் |
| சம்பளப் பேச்சு | வழியில்லை | வலு அதிகம் | ஆதரவுச் சதவீதத்தைப் பொறுத்தது | அரசிடம் மனு, வழக்கு |
| மறைமுகச் செலவு | தினசரி இழப்பு | கட்சி நிறம், நிதி வசூல் | தலைவர்மேல் குறி | மற்ற பிரிவினர் வெளியே |
| பொருந்துவது | சீக்கிரம் வெளிநாடு போகிறவர் | ஏஜென்சி, பெரிய தனியார் | உறுதியான 51 சதவீதம் உள்ள இடம் | அரசு, எம்.ஆர்.பி. |

## வேலைநிறுத்தம் பற்றிய பயம்

சங்கம் என்றதும் வீட்டில் முதலில் வரும் வார்த்தை ஸ்டிரைக். "ஐ.சி.யூ.வில் ஆளை விட்டுட்டு எப்படி வெளியே வர்றது" என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்கிற செவிலியர்தான் நல்ல செவிலியர். சங்க வேலையில் பெரும்பகுதி மனு, மெமோ பதில், இ.எஸ்.ஐ. எண் வாங்குவது, பி.எஃப். கட்டினார்களா என்று பார்ப்பதுதான். போராட்டம் வந்தாலும் அவசரப் பிரிவுக்கு ஆள் ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், அதற்குத் திட்டம் இல்லாத சங்கத்தில் நான் சேரச் சொல்ல மாட்டேன்.

சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் இப்போது வேலைநிறுத்தம்தான், "லீவுதானே போட்டோம்" என்பது செல்லாது. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அரசு ஊழியருக்கு இன்னும் கடுமை. 2003-இல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் ஒட்டுமொத்தமாக வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும் அந்த மாதங்களை அனுபவித்தவர்கள் மறக்கவில்லை. 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் போராடியபோதும் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு டிரான்ஸ்பர், அவற்றை உயர்நீதிமன்றம் பின்னால் ரத்து செய்தது.

## அந்த மூன்று பேருக்கும்

ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு என் பதில் தயக்கமே இல்லாமல் "சேருங்க". ஏஜென்சி மாறும்போது ஆளை மாற்றுவதும், சர்வீஸ் முதலிலிருந்து எண்ணப்படுவதும் தனியாகத் தடுக்க முடியாத விஷயங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள், தனியாருக்குக் கொடுக்காதே என்று. உழைப்போர் உரிமை இயக்கம் முன்னால் நின்றது, நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் சம்பளம் எவ்வளவு குறையப் போகிறது என்பது அதற்கு முன்னால் யாருடைய கவலையாகவும் இல்லை, அதற்குப் பின்னால் ஊரே பேசியது. அக்கா சேரும்போது ஏஜென்சி ஊழியர்களுக்கென்று தனிக் கிளை இருக்கும் சங்கமாகப் பார்க்க வேண்டும், நிரந்தர ஊழியர் சங்கத்தின் வாலாக இருக்கக் கூடாது.

லேப் தம்பிக்குப் பிரிவுவாரிச் சங்கம். அவருடைய முதலாளி நலவாழ்வுச் சங்கம் என்பதால் கோரிக்கை கடைசியில் அரசிடம்தான் போகும், ஒரு சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு லேப் ஆள் இருக்கும்போது உள்ளூர்ச் சங்கம் அர்த்தமில்லை. புதுப்பிக்கும் மாதத்தில் சேராதீர்கள், புதுப்பித்த கையோடு சேருங்கள் தம்பி.

தனியார் நர்ஸ் சிஸ்டருக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, குழந்தை இங்கே பள்ளிக்கூடம் போகிறது, வெளிநாடு போகும் எண்ணமில்லை. அப்படியென்றால் இணைந்த சங்கம். ஆனால் முதலில் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், வார்டில் பத்துப் பேராவது மனதளவில் தயாரான பிறகு எல்லோரும் ஒரே நாளில் படிவம் கொடுக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது முறையற்ற தொழிலாளர் நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. நிரூபிக்கத் தேதி வேண்டும் என்பதால், சேர்ந்த விவரத்தைச் சங்கம் நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த சான்றின் நகலை உங்களிடமும் கொடுக்கச் சொல்லுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சங்கத்திடம் கேட்க வேண்டியவை: பதிவு எண் என்ன, கடைசியாக எந்த ஆண்டுக்கான கணக்கைப் பதிவாளரிடம் கொடுத்தீர்கள், எங்கள் மருத்துவமனையில் இதுவரை எத்தனை உறுப்பினர், பொறுப்பில் பெண்கள் எத்தனை பேர், போன வருடம் மெமோ வாங்கிய ஓர் உறுப்பினருக்கு என்ன செய்தீர்கள். கடைசிக் கேள்விக்கு அந்த உறுப்பினரையே நேரில் பேச வைக்கும் சங்கத்தில் சேருங்கள்.